மஞ்சள் புள்ளிகள்

பச்சைப் புள்ளி வந்தால் குளத்தைக் காலி செய். மஞ்சள் என்றால் பயமில்லை. லெய்ஜோ கடற்கரையில் இறால் வளர்க்கும் எங்களுக்கு நோயைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். என் தீவனக் கடையின் பின்னறையில், குளத்துத் தண்ணீரைத் தட்டில் தடவி, மறுநாள் முளைக்கும் கிருமிப் புள்ளிகளைப் பார்த்துச் சொல்பவள் பாங் சியூமெய். வாய்த்துடுக்குக்காரி. ஆனால் ஒன்பது வருஷமாக அவள் சொன்னதுதான் எங்களுக்கு வேதவாக்கு.

இந்த வருஷம் அவள் அக்கா லிஃபாங்கின் குளம் அமோகம். புருஷன் போனபின் லிஃபாங்குக்கு இருந்தது அது ஒன்றுதான். நன்றாக வந்த குளத்திலிருந்து ஒரு வாளித் தண்ணீரைப் புதுக் குளங்களில் உறைமோர் மாதிரி ஊற்றுவது எங்கள் வழக்கம். தட்டில் எல்லாம் மஞ்சள். "எங்கக்கா குளத்துத் தண்ணி, தங்கம்யா!" என்று சியூமெய்யே பதினோரு குளத்துக்குச் சுமந்தாள். நானும் வாங்கி ஊற்றினேன்.

இருபதாம் நாள் என் குளத்துக் குஞ்சுகள் வெளுத்துப்போய் அடியில் கிடந்தன. அடுத்து நான்கு குளங்கள். தட்டில் அப்போதும் மஞ்சள்தான். நகரத்துச் சோதனைக்கூடத்துப் பெண் வந்து சொன்னாள்:

"இந்த மஞ்சள்தான் கொல்லுது. பச்சைகிட்டேர்ந்து நஞ்சு மரபணுவை வாங்கிக்கிச்சு."

"அது வேற, இது வேற இல்லையா?" என்றாள் சியூமெய்.

"கிருமிங்க தாய்கிட்டேர்ந்து மட்டும் வாங்கறதில்ல. பக்கத்துல இருக்கறதோடயும் மரபணுவைத் துண்டு துண்டா மாத்திக்கும். அந்தக் குடுக்கல் வாங்கல்லதான் ஒரு இனம் சிதறாம ஒண்ணா நிக்குது. சமயத்துல பங்காளி இனத்துக்கும் தாண்டிடும். நீங்க வேற, வாளி வாளியா ஊத்தி எல்லாத்தையும் ஒரே குளமாக்கிட்டீங்க. உங்கக்கா இறால் பெரிசு, தாங்குது. குஞ்சு தாங்காது. மத்தியானம் அவங்க மதகு திறந்தா, அந்த வாய்க்கால்ல தண்ணி எடுக்கற மிச்சக் குளமும் போச்சு."

சியூமெய்யும் நானும் பிளீச்சிங் பவுடர் மூட்டையோடு ஓடினோம். லிஃபாங் தீவனம் வீசிக்கொண்டிருந்தாள்.

"வாடி! பாரு, எப்படித் துள்ளுதுன்னு!"

"அக்கா, குளத்தைக் கொல்லணும்."

"பைத்தியமாடி உனக்கு? தட்டுல என்ன வந்துச்சு?"

"மஞ்சள்தான்க்கா."

"அப்புறம் என்னடி?"

அந்த வாய்க்காரி அழுதுகொண்டே மூட்டையைப் பிரித்தாள். லிஃபாங் அவள் முடியைப் பிடித்து இழுத்தாள். திட்டுபவர்கள் என்னைத் திட்டுங்கள், லிஃபாங்கைக் கட்டிப் பிடித்து நிறுத்தியது நான்தான். தூள் விழுந்த இடமெல்லாம் இறால்கள் துள்ளின.