மஞ்சள்காரி சொன்ன நல்ல செய்தி

எங்கள் ஆய்வகத்தில் அவளுக்கு மஞ்சள்காரி என்று பெயர். வைத்தது நான்தான். மலேரியாத் தடுப்பூசி போட்ட பிள்ளைகளின் ரத்தம் எங்களிடம் வரும். பிளாஸ்டிக் தட்டின் சின்னச் சின்னக் குழிகளில் அதன் தெளிநீரை விட்டு, மருந்துகளை ஒவ்வொன்றாகச் சேர்ப்போம். எதிர்ப்புச்சக்தி அதிகமுள்ள குழி பளிச்சென்று மஞ்சளாகும். கருவி அளந்து சொல்வதற்குள் அவள் தட்டை வெளிச்சத்தில் பிடித்து, ஏதோ தானே பெற்றுப்போட்ட மாதிரி பல்லெல்லாம் தெரியச் சிரிப்பாள். "கருவி எதுக்கு? உன்னையே வெச்சுக்கலாம் போல" என்று சீண்டுவேன். வேலையில் கை சுத்தம். வாய்தான் ஓட்டை.

குழாயில் எண் மட்டும்தான் இருக்கும். யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தாலும் முடிவைச் சொல்லக் கூடாது. ஏனென்றால், எதிர்ப்புச்சக்தி எவ்வளவு இருந்தால் மலேரியா அண்டாது என்று யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த அளவெல்லாம். இது அவளுக்கும் அத்துப்படி. ஆனால் தங்கை மகளை ரத்தம் எடுக்கத் தூக்கி வந்தவளே அவள்தான். எண் மனதில் ஒட்டிக்கொண்டது.

அந்தக் குழி நல்ல அடர்மஞ்சளாக வந்த அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில்தான் குடியிருந்தார்கள். செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள்.

"உன் பொண்ணுக்கு எதிர்ப்புச்சக்தி அமோகமா இருக்குடி. இனி மலேரியா இவ பக்கமே வராது."

"நிஜமாவாக்கா?"

"என் கண்ணால பார்த்தேன்."

மழைக்காலத்தில் நாங்கள் ரத்தம் சேகரிக்க வெளியூர் போயிருந்தபோது பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. மலேரியாவா என்று விரலில் குத்தி ரத்தம் பார்த்துவிடலாம் எனத் தகப்பன் கிளம்பினானாம். "மலேரியா இல்லைங்க, அக்காவே பார்த்துச் சொல்லியிருக்கா" என்று தங்கை தடுத்துவிட்டாள். பிள்ளைக்கு வலிப்பு வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

ஊர் திரும்பியதும் மஞ்சள்காரியோடு நானும் போனேன். கட்டிலருகே டாக்டர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"காய்ச்சல்னா உடனே வரணும்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டோமே! ஏம்மா இவ்வளவு நாள் வீட்டுல வெச்சிருந்தே?"

தங்கை அக்காவை ஒருதரம் ஏறிட்டுப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் அக்காவின் வேலை போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

"சளிக் காய்ச்சல்னு நெனச்சுட்டேன் டாக்டர். என் புத்தியைத்தான் செருப்பால அடிக்கணும்."

மஞ்சள்காரி சுவரோடு சுவராக நின்றாள். அன்றைக்குப் பார்த்து அந்த வாய் திறக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் முகத்தைப் பார்த்தபின் கோபமும் போய்விட்டது, பாவமாக இருந்தது.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. வாயாடிக் குட்டி, இப்போது ஒரு சொல்லுக்குத் திணறுகிறது. போகப்போகச் சரியாகலாம் என்கிறார்கள். தங்கை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அக்காவுக்கு வழக்கம்போலத் தட்டில் சோறு போட்டு வைக்கிறாள். பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தால் மட்டும், பக்கத்து அறையில் இருக்கும் அக்காவைத் தாண்டிக்கொண்டு போய், எதிர்வீட்டுத் தையல்காரியிடம் என்ன செய்யலாம் என்று கேட்கிறாள்.