விழுந்தவனைத் தாண்டாத அணி

சுகுமாறன் மலேசியாவில், செண்டாயான் என்ற ஊரில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். ஆறடி உயரம், கதவை அடைக்கிற தோள். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு நாற்பது வயதுவரை உருப்படியாக என்ன செய்தாய் என்று கேட்டால் அவனே தலையைச் சொறிவான். கல்யாணம் செய்து பார்த்தான். மோகனா சில வருஷம் பொறுத்திருந்துவிட்டு, சண்டை சச்சரவு எதுவும் இல்லாமல், "நீங்க வீட்ல இருக்கறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்" என்று சொல்லி அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் சொன்னதில் தப்பில்லை என்று அவனுக்கே தெரியும். அதுதான் அவனை வாட்டியது. சிரம்பான் பக்கம் ராசா என்ற இடத்தில் ஒரு கடைக்கு மேலே அறை எடுத்துத் தங்கினான்.

அமெரிக்கக் காற்பந்து அவனைத் தொற்றிக்கொண்டது சிங்கப்பூரில். கப்பல் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில், பக்கத்துத் திடலில் வெள்ளைக்காரர்கள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோதி விழுவதை வேடிக்கை பார்க்கப் போவான். ஒரு நாள் அவர்களுக்கு ஆள் குறைந்தது. இவன் தோளைப் பார்த்ததும் கூப்பிட்டு முன்வரிசையில் நிறுத்திவிட்டார்கள். பெயர்தான் காற்பந்து, பந்தைக் காலால் உதைப்பது அதில் அபூர்வம். முன்வரிசைக்காரன் எதிராளியைத் தள்ளி வழி திறக்க வேண்டும். பின்னால் வருகிறவன் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்த வழியாக ஓடுவான். எல்லைக் கோட்டைக் கடந்தால் டச்டவுன், ஆறு புள்ளி. சுகுமாறன் மூன்று வருஷம் தள்ளினான். பந்தை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. டச்டவுன் போட்டவனைத் தோளில் தூக்கி அவர்கள் ஆடும்போது இவன் விழுந்த இடத்திலிருந்து மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்துகொண்டிருப்பான். என்றாலும், தன்னால் நாலு பேருக்கு ஆகவேண்டிய காரியம் இருந்தது அந்த மூன்று வருஷத்தில்தான் என்று அவன் நினைத்தான்.

அந்த நினைப்புதான் அவனைக் கோலா பிலா பக்கம், தான் பிறந்த தோட்டத்துக்குத் திரும்ப இழுத்தது. ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, குலை வெட்ட வெளிநாட்டு ஆட்களும் வந்துவிட்ட தோட்டம். மிச்சமிருந்த தமிழ்க் குடும்பங்களின் பையன்கள் சாயங்காலமானால் கோயில் திடலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, அதன்மேல் சாய்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். பெரிய பையன்கள் இரண்டு பேரை ஏற்கெனவே போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தது. சுகுமாறன் சிரம்பானில் இருந்த ஒரு விளையாட்டுச் சங்கத்தின் கையைக் காலைப் பிடித்துப் பழைய ஹெல்மெட்டும் தோள் கவசங்களும் வாங்கி லோரியில் ஏற்றி வந்தான். சங்கம் ஒரு நிபந்தனை போட்டது. அந்த ஆட்டப் பருவம் முடிவதற்குள் அணி ஒரே ஒரு டச்டவுனாவது போட்டுக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் சாமான்கள் வேறு ஊருக்குப் போய்விடும். ஒன்றுதானே என்று சுகுமாறன் நினைத்தான்.

பந்தை எறியவும் பிடிக்கவும் அவனுக்கே தெரியாது, பிறகு எங்கே பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க? தெரிந்ததைக் கற்றுக்கொடுத்தான். எறிகிற பேச்சே கிடையாது. முன்வரிசை தள்ளும், பையன்களில் வேகமாக ஓடுகிற யுகேந்திரன் பந்தோடு ஓடுவான். இடது பக்கம் தள்ளி ஓடுவது, வலது பக்கம் தள்ளி ஓடுவது, நட்ட நடுவில் தள்ளி ஓடுவது. மற்ற அணிகளின் பயிற்சியாளர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சுகுமாறன் கண்டுகொள்ளவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தள்ளுவதற்கா சொல்லித்தர வேண்டும்? நன்றாகவே தள்ளினார்கள். வழி திறந்தது. யுகேந்திரனும் பாய்ந்து வந்தான். வந்தவன் திறந்த வழிக்கு முன்னால் கால் தடுக்கியவன் மாதிரி நின்று, பக்கவாட்டில் சுற்றிப்போகப் பார்த்து, பிடிபட்டான். ஒவ்வொரு ஆட்டத்திலும் இதே கதை. அணி ஒரு புள்ளியும் எடுக்காமல் தோற்றுக்கொண்டே வந்தது.

ஏன்டா நிற்கிறாய் என்று கேட்டுக் கேட்டு அலுத்தபிறகு ஒரு நாள் யுகேந்திரன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "கீழ ஆளு கெடக்கு கோச். தாண்டுனா அவனுக்கு வளர்த்தி நின்னுரும்."

சுகுமாறனுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. படுத்திருப்பவரைத் தாண்டக்கூடாது, தெரியாமல் தாண்டிவிட்டால் அவர் எழுந்திருப்பதற்குள் திரும்பத் தாண்டிவிட வேண்டும் என்று அவனும்தான் வளர்ந்தான். இது கோயிலுக்குப் போகிற பிள்ளைகளின் பழக்கம் என்று பார்த்தால், கோலா பிலாவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் பக்கீர் முகம்மதுவின் மகன் இர்ஃபானும் விழுந்தவனைச் சுற்றித்தான் போனான். யுகேந்திரனுக்கோ அது வெறும் பழக்கம் இல்லை. அவன் தம்பி நவீன் முன்வரிசையில் நிற்கிறவன், பதினாலு வயது, பார்த்தால் பத்துகூடச் சொல்ல முடியாது. அவன் கைக்குழந்தையாகப் பாயில் கிடந்தபோது யுகேந்திரன் தாண்டிக் குதித்து வெளியே ஓடிவிட்டானாம், திரும்பத் தாண்டவில்லையாம். அதனால்தான் சின்னவன் இப்படிக் கட்டையாகிப்போனான் என்று அவர்கள் அம்மா ரதி தெருவறியச் சொல்லிக்கொண்டிருந்தாள். சுகுமாறன் அவளிடம் போய், டாக்டரிடம் காட்டினால் காரணம் தெரியும் என்றான். அவள் பெரியவனை வைத்துக்கொண்டே, "காரணந்தான் தெரியுமே அண்ணே, இந்தா நிக்குது" என்றாள்.

மூடநம்பிக்கையைப் பேசித் தீர்க்க சுகுமாறனுக்கு வாயும் போதாது, நாளும் போதாது. குறுக்கு வழி ஒன்று கண்டுபிடித்தான். ஓடும்போது தாண்டு, ஆட்டம் நின்றதும் திரும்பி வந்து தாண்டிக்கொள், அதுவரை விழுந்தவன் எழுந்திருக்க வேண்டாம் என்றான். பையன்களுக்கு உயிர் வந்தது. அதன்பிறகு அந்த அணி ஆடியதைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நடுவர் விசில் ஊதியதும் எல்லோரும் எழுந்து வரிசைக்குப் போவார்கள். இந்தப் பிள்ளைகள் மட்டும் போட்டது போட்டபடி கிடப்பார்கள். யுகேந்திரன் நிதானமாகத் திரும்பி வந்து ஒவ்வொருவனாகத் தாண்டிவிட்டுப் போவான். ஊரே சிரித்தது. ஆனால் பந்து முன்னே போனது, முதல்முறையாகக் கோட்டுக்குப் பக்கத்தில்கூடப் போனது. தனக்கும் மூளை இருக்கிறது என்று சுகுமாறன் கொஞ்ச நாள் நம்பினான்.

கடைசி ஆட்டம் சிரம்பானில். ஆட்டத்துக்கு முன் நடுவர் அவனைத் தனியே கூப்பிட்டு, உன் பையன்கள் படுத்துக்கொண்டு நேரத்தைக் கடத்துகிறார்கள், இனி உடனே எழாவிட்டால் தண்டம் போடுவேன் என்றார். சுகுமாறன் பையன்களைக் கூட்டி வைத்துச் சொன்னான். "விழுந்தவன் ஒடனே எந்திரிச்சிடணும். தாண்டுறத பத்தி அப்புறம் பாத்துக்கலாம் லா." யுகேந்திரன் தம்பியைப் பார்த்ததை அவன் கவனித்தான். பதற்றம் என்று நினைத்துக்கொண்டான். ஒரு டச்டவுன் என்ற ஒன்றைத் தவிர அப்போது அவன் மண்டையில் எதுவும் ஏறவில்லை.

தோல்வி உறுதியாகி, ஆட்டம் முடியும் நேரத்தில் அது நடந்தது. நட்ட நடுவில் தள்ளி ஓடும் ஆட்டம். நவீன் தன்னைப்போல் இரண்டு மடங்கு இருந்த ஒருவனின் இடுப்புக்குக் கீழே புகுந்து, அவனைத் தூக்கித் தள்ளிக்கொண்டுபோய், அவனோடு சேர்ந்து விழுந்தான். வழி வாசல் மாதிரி திறந்தது. யுகேந்திரன் தம்பியைத் தாண்டினான். முன்னால் ஒருவரும் இல்லை, கோடுதான் இருந்தது. சுகுமாறன் கையைத் தூக்கிவிட்டான், தொண்டையில் சத்தம் வந்துவிட்டது. யுகேந்திரன் ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்தான். நவீன், கோச் சொன்னபடி, உடனே எழுந்திருக்கத் தரையில் கையை ஊன்றிக்கொண்டிருந்தான்.

"எந்திரிக்காதடா" என்று கத்திக்கொண்டு யுகேந்திரன் பந்தோடு திரும்பி ஓடி வந்தான். வந்து தம்பியைத் தாண்டினான். தாண்டி இறங்கிய இடத்தில் மூன்று பேர் அவன்மேல் விழுந்தார்கள். பந்து உருண்டு போயிற்று.

எதிரணி ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சங்கத்து ஆள் மட்டும் சிரிக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் சாக்கை விரித்து ஹெல்மெட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டுக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை, பையன்களின் முகத்தைப் பார்க்காமல் வாங்கினார். சுகுமாறன் தூரத்தில் நின்றான். யுகேந்திரனை நாலு அறை அறைய வேண்டும்போல் இருந்தது. எழுந்திருக்கச் சொன்னது யார் என்று அடுத்த நொடியே நினைவு வந்துவிட்டது.

நவீன் ஹெல்மெட்டைக் கொடுக்கவில்லை. அதை அணைத்துக்கொண்டு அண்ணன் முன்னால் போய் நின்றான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஒன்னைய நான் திரும்ப வரச் சொன்னனா?"

"மறுபடியும் ஒன்னைய அப்படியே விட்டுட்டு ஓடச் சொல்றியா?" என்றான் யுகேந்திரன்.

"ஓடிருக்கலாம்ல. நான் கட்டையாவே இருந்துட்டுப் போறேன், ஒனக்கென்ன? அவனைத் தள்ளுனது நாந்தான். நான் தள்ளுன வழிடா அது."

அம்மா சொன்னது பொய் என்றோ, பார் நீ வளரத்தான் போகிறாய் என்றோ அங்கே யாராவது சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டியவன் சுகுமாறன்தான். பக்கத்தில் போனான், நவீனின் தலைமேல் கை வைத்தான். தள்ளினவனின் ஆத்திரம் என்னவென்று அந்தத் திடலில் வேறு யாருக்கும் தெரியாது, அவனுக்குத் தெரியும். பையன் அந்தக் கையைத் தட்டிவிட்டான். ஹெல்மெட்டைத் தானே கொண்டுபோய்ச் சாக்கில் போட்டுவிட்டு லோரியில் ஏறி, அண்ணனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.