அரிசி தேடச் சொன்ன கை

1. கேட் வேலை

வெள்ளைக்காரர் ஆண்ட மலாய் நாட்டில், அவசரகாலத்தின்போது நான் பார்த்த வேலை கேட்டில் பெண்களைச் சோதனை போடுவது. ஈஜோக் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றிக் கம்பி வேலி அடித்து ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். பாலுக்காக மரத்தைக் கீறி வெட்டப் போகிற எல்லாரும் விடியற்காலையில் அதன் வழியாகத்தான் போக வேண்டும். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்ச் சேரக் கூடாது என்பது சட்டம். ஆண்கள் வரிசையை ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ஒருவர் தடவிப் பார்த்து அனுப்பினார். பெண்கள் வரிசைக்கு ஒரு சாக்குத் தடுப்பு. அதற்குப் பின்னால் நான்.

முதல் நாள் மலாய்க்காரப் போலீஸ் சார்ஜன் எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தார். தோட்டத்துத் தமிழ் அவருக்கு நன்றாகவே வரும்.

“கொண்டையில பாரு, வாளிக்கு அடியில பாரு, ரவிக்கையில பாரு. உன் கை அரிசிதான் தேடணும். வேற ஒண்ணும் தேடாதே லா.”

எனக்குச் சிரிப்பு வந்தது. வேறு என்ன இருக்கப் போகிறது என்று நினைத்தேன். ஒரு மாதத்தில் புரிந்துவிட்டது. யார் முழுகாமல் இருக்கிறாள் என்பது அவள் புருஷனுக்கு முன்னால் எனக்குத் தெரியும். யார் முதுகில் அடி வாங்கிய தழும்பு புடைத்திருக்கிறது என்பதும் தெரியும். நான் ஊர்வாய்க்காரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கேட்டில் தெரிந்ததைக் கேட்டோடு விட்டுவிட்டேன்.

பாப்பாத்தி அக்காவுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். நெட்டையான உடம்பு, கட்டைக் குரல், நெற்றியில் காலணா அளவுக்குக் குங்குமம். வெட்டுக்காரர்களில் அவள் கைக்கு ஈடு கிடையாது. புருஷன் சின்னையாவும் வெட்டுக்காரர். பிள்ளை இல்லை.

முதன்முதலாக அவளைத் தடவியபோது ரவிக்கைக்குள் முடிச்சு மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. அரிசி என்றால் விரலுக்கு அடியில் நழுவும். இது நழுவவில்லை. பழந்துணி. மார்பு இருக்க வேண்டிய இடத்தில் துணியைச் சுருட்டி வைத்திருந்தாள். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“போங்கக்கா, நேரமாச்சு” என்றேன்.

அதன் பிறகு நாள் தவறாமல் அவளைச் சோதனை போட்டேன். அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

2. முடிச்சு

ஒரு முறை நான் காய்ச்சல் வந்து படுத்தேன். எனக்குப் பதிலாக ரவாங்கிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பியிருந்தார்கள். புதுசு. பேர் வாங்க வேண்டும் என்ற துடிப்பு இருந்திருக்கும். பாப்பாத்தி அக்காவின் ரவிக்கையைத் தொட்டதும், “அரிசி! அரிசி!” என்று கத்திக்கொண்டே முடிச்சை உருவி எடுத்து, தடுப்புக்கு வெளியே ஓடிவந்து தூக்கிக் காட்டியிருக்கிறாள். சார்ஜன் வாங்கிப் பிரித்தார். ஒரு பழைய சேலைக் கிழிசல், அவ்வளவுதான். ஆண்கள் வரிசையில் சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவனைச் சின்னையா அங்கேயே அறைந்தார்.

அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் பெண்கள் வரிசையில் யாரோ ஒருத்தி, “அவ இருசிடீ” என்றாள்.

உங்களில் பலர் இந்தச் சொல்லைக் கேட்டிருக்க மாட்டீர்கள். வயதுக்கு வராமலே இருந்துவிடும் பெண்ணை அப்படிச் சொல்வார்கள். சார்ஜனுக்கும் அந்தச் சொல் புரியவில்லை. அதை மலாய் மொழியில் எப்படிச் சொல்வது என்று கான்ஸ்டபிளுக்குத் தெரியவில்லை. ஏதோ சொல்லி வைத்தார். சார்ஜனின் முகம் மாறிவிட்டது.

“ஆம்பளை சீலை கட்டியிருக்கானா? எதுக்கு? காட்டுக்கு ஆள் போறதுக்கா?”

அக்காவை அன்றே லோரியில் ஏற்றித் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

3. ஆளுக்கொரு பேச்சு

நான் வேலைக்குத் திரும்பியபோது ஆபீஸ் வாசலில் விசாரணை. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணி அவருக்கு இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா சின்னையாவுக்குப் பின்னால் முக்காடு போட்டு நின்றாள்.

முதலில் என்னைத்தான் பிடித்தார்கள். “இத்தனை நாளா உனக்குத் தெரியாதா?” என்று கேட்டார் சார்ஜன்.

“அரிசி தேடச் சொன்னீங்க. அரிசி இல்ல” என்றேன்.

ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்த்த வைத்திய உதவியாளர் டிரெஸ்ஸர் எழுந்தார். நல்ல மனிதர். “இது பிறவி. சீக்கு இல்ல, வேஷமும் இல்ல. உள்ளே வளர வேண்டியது வளரல. ஆம்பளைன்னு எழுதவும் என்னால முடியாது, முழுசாப் பொம்பளைன்னு எழுதவும் முடியாது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்” என்றார்.

வெட்டுக்காரர்களை மேற்பார்க்கிற மண்டோரின் மனைவி அஞ்சலை பேசினாள். பலர் அவளைக் கெட்டவள் என்பார்கள். நான் சொல்ல மாட்டேன். அவள் கேட்டது அவளுக்கு நியாயம்.

“மாசாமாசம் வயித்தப் புடிச்சுக்கிட்டு நாங்க மரம் வெட்டுறோம். பெத்துப் பொழைச்சு வர்றோம். அதெல்லாம் படாதவ எப்படிங்க பொம்பளை? இன்னிக்கு இவள வுட்டா, நாளைக்கு நெசமாவே ஒருத்தன் சீலை கட்டிக்கிட்டு எங்க தடுப்புக்குள்ள வருவான்.”

ஞானம்மாள் விதவை. மாதா கோயிலுக்குப் போகிறவள். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

“இருசின்னு சொன்னதே நீங்கதானே? ஆம்பளைய யாராச்சும் இருசின்னு சொல்லுவாங்களா? அது பொம்பளைக்கு இருக்குற பேருதானே?”

“பேரு வச்சா ஆயிடுமாடீ?”

“எனக்கு அதெல்லாம் தெரியாது அஞ்சலை. எனக்கு அம்மை போட்டப்போ என் புள்ளய நீ தூக்கல. அவதான் தூக்கினா.”

சின்னையா துரையைப் பார்த்துக் கும்பிட்டார். “என் பொண்டாட்டி பொம்பளையா இல்லையான்னு எனக்குத் தெரியாதுங்களா தொரை?” என்றார். கிராணி அதை மொழிபெயர்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

அக்காவை யாரும் கேட்கவில்லை.

4. தனி வரிசை

துரை யாரையும் நோகடிக்க விரும்பவில்லை. போலீஸ் வழக்கு வேண்டாம் என்று சார்ஜனிடம் பேசி, ஓர் ஏற்பாடு செய்தார். இரண்டு வரிசையும் போன பிறகு அக்கா தனியாக நிற்க வேண்டும். கடைசியாக நான் சோதனை போட்டு அனுப்ப வேண்டும். எல்லாருக்கும் திருப்தி.

மரம் வெட்டத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் அதில் இருந்த கொடுமை புரியும். பால் குளிர்ச்சியில் ஓடும். வெயில் ஏறினால் பட்டையிலேயே உறைந்துவிடும். அக்கா கடைசியாகப் போய்த் தனக்குப் பிரித்துக் கொடுத்த மர நிரையைத் தொடும்போது வெயில் வந்துவிடும். மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் பாதிகூட நிறையாது. அரை வாளியோடு வந்தவளைப் பார்த்து, “என்னா, மரமும் இருசியாயிடுச்சா?” என்று மண்டோர் கேட்டார். தோட்டத்திலேயே நல்ல வெட்டுக்காரி அவள்.

ஒரு நாள் அவள் பொறுக்க முடியாமல் சின்னையாவுக்குப் பின்னால் ஆண்கள் வரிசையில் போய் நின்றாள். நான் ஓடினேன்.

“என்னக்கா இது?”

“எங்க வேணாலும் தடவட்டும் தங்கச்சி. வெயிலுக்கு முன்னாடி வுட்டாப் போதும்.”

அவள் முறை வந்தது. கான்ஸ்டபிள் கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டு ஓர் அடி தள்ளி நின்றார். அவர் அழுதுவிடுவார்போல இருந்தது.

“நான் பொம்பளைய தொட மாட்டேன் சார்ஜன். வேலை போனாலும் பரவால்ல.”

பெண்கள் வரிசையில் அவள் பெண்ணில்லை. ஆண்கள் வரிசையில் அவள் பெண். அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பழையபடி தனியாகப் போய் நின்றாள். அவளைச் சோதனை போட எனக்கு அன்று கையே வரவில்லை. சும்மா தோளைத் தொட்டு அனுப்பினேன்.

5. கடைசிச் சோதனை

ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாசிர் பெனம்பாங் என்ற மீன்பிடி ஊரில் மீன் காயப் போட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அக்கா கிளம்பினாள். சின்னையாவின் தாய் படுத்த படுக்கை. அவரால் கூடப் போக முடியவில்லை. மூட்டையோடு அவள் கேட்டுக்கு வந்தபோது இரண்டு வரிசையும் நின்றிருந்தன. வெளியே போகிற யாராக இருந்தாலும் சோதனை உண்டு.

அன்று நான் யாரையும் கேட்கவில்லை. அவள் கையைப் பிடித்துப் பெண்கள் வரிசையின் முன்னால் கொண்டுபோனேன். அஞ்சலைதான் முதலில் நின்றாள். என்னைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு விலகி வழி விட்டாள்.

தடுப்புக்குப் பின்னால் பழக்கத்தில் என் கை ரவிக்கைக்குப் போனது. அங்கே துணி இல்லை. எலும்புதான் தட்டுப்பட்டது.

“துணி எங்கக்கா?”

“எதுக்குத் தங்கச்சி? இனிமே யார ஏமாத்தணும்?”

அத்தனை வருடத்தில் அவள் யாரையும் ஏமாற்றுவதாக நினைத்ததே இல்லை. தலை சீவுவதுபோல, பொட்டு வைப்பதுபோல அதுவும் ஒன்று அவளுக்கு. நாங்கள் எல்லாரும் சேர்ந்து அதற்கு அப்படி ஒரு பெயர் வைத்துக் கொடுத்திருந்தோம். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை.

வெளியே வந்து சின்னையாவிடம், “நல்ல பொம்பளையாப் பாத்துக் கட்டிக்குங்க” என்று சொல்லிவிட்டு லோரியில் ஏறினாள்.

அவர் கட்டிக்கொள்ளவில்லை. லீவு கிடைத்தபோதெல்லாம் படகேறி ஆற்றைக் கடந்து போய்ப் பார்த்துவிட்டு, கருவாடு வாங்கிக்கொண்டு தனியாகத் திரும்பி வருவார். “வர மாட்டேங்கிறா” என்பார். அவ்வளவுதான்.

போன வருடம் விமான நிலையத்தில் கையுறை போட்ட ஒரு தமிழ்ப் பிள்ளை என்னைத் தடவிப் பார்த்து, “சாரி ஆன்ட்டி, டியூட்டி” என்றாள். பரவாயில்லை கண்ணு என்றேன். அவளுக்கும் அந்த வேலையில் இருக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்ல என்னிடம் இருப்பது முதல் நாள் சார்ஜன் சொன்ன பாடம்தான். அவரே பிறகு அதை மறந்துவிட்டார். எது பெண் என்று டிரெஸ்ஸருக்குத் தெரியவில்லை, துரைக்குத் தெரியவில்லை, எனக்கும் இன்றுவரை சொல்லத் தெரியாது. கேட்டில் நிற்கிறவளுக்கு அது தெரிய வேண்டியதும் இல்லை. தேடச் சொன்னதைத் தேடுங்கள். அது இல்லை என்றால், வெயிலுக்கு முன்னால் ஆளை விட்டுவிடுங்கள்.