ஐஸக்காவின் கடைசிக் குப்பி

குப்பியைத் தண்ணீரில் ஆட்டிக்கொண்டிருக்கும்போது ஐஸக்காவிடம் யாரும் பேசக்கூடாது. சுண்டுவிரலளவு பிளாஸ்டிக் குப்பி அது. அதற்குள் யாரோ ஒருவருடைய வெள்ளணுக்கள் பல மாதங்களாகக் கல்லாய் உறைந்து கிடந்திருக்கும். தண்ணீர் உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். உள்ளே மிளகளவு ஐஸ் மிச்சமிருக்கும்போதே குப்பி வெளியே வந்துவிட வேண்டும். அப்புறம் இளஞ்சூடான சத்துநீரைச் சொட்டுச் சொட்டாக விடுவார். "மெதுவா, மெதுவா. ஒண்ணும் அவசரமில்ல" என்பார்.

"நான் அவசரப்படலையே அக்கா?" என்று ஒருநாள் வாசலில் நின்றபடி கேட்டுத் தொலைத்தேன்.

"உன்ன யாரு கேட்டா? நான் இதுங்ககிட்டப் பேசறேன்."

நான் அதே மாடியில் கொள்முதல் பிரிவில் இருக்கிறவன். ஆய்வுக்கூடத்துக்கு வேண்டிய சாமான்களை வாங்கிப் போடுவதும், மலிவாக வாங்கிவிட்டேன் என்று ஐஸக்காவிடம் திட்டு வாங்குவதும் என் வேலை. அவருக்கு அந்தப் பெயர் வைத்தது யாரென்று தெரியாது. திரவ நைட்ரஜன் தொட்டியைத் திறந்து, வெள்ளைப் புகைக்குள் முழங்கை வரை தடித்த கையுறையோடு கைவிட்டு, பார்க்காமலே வேண்டிய குப்பியை எடுக்கிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பது? டெங்கு வந்து பிழைத்தவர்களின் ரத்தம் அந்தத் தொட்டியில் இருக்கிறது. குப்பியின் மேல் பெயர் கிடையாது, எண் மட்டுந்தான்.

அங்கே என்னதான் செய்கிறார்கள் என்று நான் கேட்டபோது, அக்கா டீ டம்ளரை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார். "கொசு கடிச்சு உள்ள வர்ற வைரஸு ஒரு செல்லுக்குள்ள பூந்துக்கிட்டு அங்கயே குட்டி போடும். உடம்புல மத்த காவலெல்லாம் தெருவுல தேடிக்கிட்டிருக்கும். டி செல்லுன்னு ஒண்ணு இருக்கு. அதுதான் எந்த வீட்டுக்குள்ள திருடன் இருக்கான்னு கண்டுபிடிச்சு, வீட்டோட சேத்துக் காலி பண்ணும். ஒரு தடவ பாத்த மூஞ்சிய லேசுல மறக்காது."

"அப்ப ஒரு தடவ வந்தா மறுபடி வராதா?"

"அதான் வம்பே. டெங்குவுல நாலு வகை. நாலும் அண்ணன் தம்பிங்க மாதிரி ஒரே சாடை. மூத்தவனப் பாத்துப் பழகினது இளையவனப் பாத்தாலும் துள்ளும். துள்ளுறதெல்லாம் அடிக்குதான்னு கேட்டா, அதுக்குத்தான் நாங்க இங்க குந்தியிருக்கோம்."

குந்தியிருப்பதெல்லாம் சும்மா பேச்சு. அக்கா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் எண்ணுவதைக்கூட நின்றுகொண்டேதான் செய்வார். செத்த செல் சாயத்தைக் குடித்து நீலமாகிவிடும், உயிருள்ளது வெளிறிப் பளபளக்கும். நீலம் அதிகமாகிவிட்டால் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டார். ஆள் யாரென்றே தெரியாத ரத்தத்துக்கு இத்தனை துக்கமா என்று ஆரம்பத்தில் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பதில்லை.

அக்காவுக்கு ஒரே தம்பி. லிஃப்ட் மெக்கானிக். முதல் தடவை டெங்கு வந்து தேறியதும், அக்காதான் கையோடு இழுத்துவந்து ஆய்வுக்கு ரத்தம் கொடுக்க வைத்தார். பஞ்சை அமுக்கிக்கொண்டே, "என்னைய ஐஸ்ல போட்டுட்ட, கரண்டு போனா என்ன கதி?" என்று தொட்டியைத் தட்டிப் பார்த்தான். அவன் செல்களைப் பிரித்து உறைய வைத்ததும் அக்காதான். அதனால் எத்தனை எண்கள் இருந்தாலும் அந்த எண் மட்டும் அவருக்கு ஆள்.

அந்தச் செல்களை நாலு வகை வைரஸ்துண்டுகளோடும் சேர்த்து அக்கா சோதித்தார். வைரஸை அடையாளம் கண்டுகொள்ளும் செல் ஒரு பொருளைக் கக்கும், தட்டில் அந்த இடத்தில் புள்ளி விழும். தம்பியின் தட்டில், வகைக்கு ஒன்றாக இருந்த நாலு குழியிலும் புள்ளிகள் அப்பிக் கிடந்தன. அக்கா அதைப் படம் பிடித்து எல்லோருக்கும் காட்டினார், எனக்கும் காட்டினார். பள்ளிக்கூடத்தில் தம்பி பரிசு வாங்கிய மாதிரி ஒரு முகம் அன்றைக்கு.

போன மழைக்காலத்தில் அவனுக்கு மறுபடி காய்ச்சல். அவன் மனைவி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றிருக்கிறாள். அவன் அக்காவுக்குப் போன் போட்டான். "உன் செல்ல நான் கண்ணால பாத்திருக்கேன்டா. நாலையும் அடிக்கும். மாத்திரையப் போட்டுட்டுத் தூங்கு" என்றார் அக்கா. இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் இறங்கியது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் கையும் காலும் சில்லிட்டிருந்தன. வயிற்றை வலிக்கிறது என்றான். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிய ஆரம்பித்துவிட்டது. காய்ச்சல் விடும்போதுதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று ஊரார்க்கெல்லாம் படித்துப் படித்துச் சொன்னவர் அக்கா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அவன் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு அக்கா யாரையும் தம்பி என்று கூப்பிடுவதில்லை. என்னை "ஸ்டோர்ஸு" என்கிறார்.

தொட்டியில் தம்பியின் குப்பி ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. அதைத் தேடி எடுக்கும் வேலை வரும்போதெல்லாம் அக்காவின் கை வேறு குப்பிக்குப் போயிற்று. ஆய்வுக்கூடத்தின் தலைவியான டாக்டரம்மாவுக்கு அது தெரியும். தெரிந்தும் பல மாதம் வாயைத் திறக்கவில்லை. போன வாரம்தான் கேட்டார். இரண்டாவது காய்ச்சலில் இறந்துபோன ஒருவருடைய, அதற்கு முன்பே எடுத்த செல்கள் கிடைப்பது அபூர்வம். அவை புள்ளி காட்டி வெறுமனே சத்தம் போட்டனவா, இல்லை வைரஸ் புகுந்த செல்லை நிஜமாகவே கொல்லக்கூடியவையா என்று பார்த்துவிட வேண்டும். ஒருமுறை உருக்கினால் அவ்வளவுதான், மறுபடி கிடையாது. அவன் மனைவி சரி என்று சொல்லிவிட்டாள். "நீங்க இருக்க வேண்டாம். நான் பண்ணிக்கறேன்" என்றார் டாக்டரம்மா.

"உங்க கை பதட்டக் கை. பாதி செத்துடும். நானே பண்றேன்" என்றார் அக்கா.

அன்று நடைவழியில் என்னை நிறுத்தினார். "கொன்னுச்சுன்னு வை, நான் சொன்னதுல தப்பில்ல, அவன் நேரம்னு விட்டுடுவேன். கொல்லலைன்னா, புள்ளியப் பாத்துட்டு நாந்தான் அவனத் தூங்க வச்சிருக்கேன்" என்றார். டீ சாப்பிடலாமா என்று கேட்டேன். வேறென்ன கேட்பது?

குப்பியை உருக்கியபோது நான் வாசலில்தான் நின்றேன். அன்றைக்கு "மெதுவா, மெதுவா" இல்லை. நீலம் விழுந்த செல்கள் ஒன்றிரண்டுதான், மற்றதெல்லாம் உயிரோடு இருந்தன. தம்பியின் செல்களிலேயே கொஞ்சத்தைப் பிரித்து, அவற்றில் இரண்டாவது தடவை அவனுக்கு வந்த வகை வைரஸைப் புகுத்தி, நுண்ணோக்கியில் பச்சையாக ஒளிரும்படி செய்தார்கள். அவற்றோடு அவனுடைய டி செல்களைச் சேர்த்து, தட்டை உடம்புச் சூட்டுப் பெட்டிக்குள் வைத்தார்கள். காவல் வேலை செய்தால் காலையில் பச்சை போயிருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க, இரண்டு தடவை டெங்கு வந்தும் பிழைத்த ஒருவரின் செல்கள் இதே மாதிரி பக்கத்துக் குழியில்.

காலையில் டாக்டரம்மா முதலில் பார்த்தார். பக்கத்துக் குழியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பச்சை. தம்பியின் குழியில் வைத்தது வைத்தபடி. அவர் எழுந்து அக்காவுக்கு இடம் விட்டார். அக்கா குனிந்தார். திருகியைத் திருகித் திருகி ஓரம் ஓரமாகத் தேடினார்.

"சத்தம் மட்டுந்தான் போட்டிருக்கு. கொல்லல" என்றார் டாக்டரம்மா, மெல்ல.

அடுத்து ஃபார்மலின் விட வேண்டும். எல்லாக் குழிகளுக்கும் ஒரே நேரத்தில் விட்டு, எல்லாவற்றையும் கொன்று, அப்படியே நிறுத்தி எண்ண வேண்டும். குறித்த நேரத்தைத் தாண்டவிட்டால் ஒப்பீடு கெட்டுவிடும். இது எனக்கே தெரியும்.

அக்கா ஃபார்மலின் பாட்டிலை நகர்த்தி வைத்தார். தட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்ப் பெட்டிக்குள் வைத்தார்.

"இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம் டாக்டர்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். அக்கா பெட்டியின் கதவைச் சத்தம் வராமல் சாத்தினார். ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, கதவில் உள்ளங்கையை வைத்தபடி உட்கார்ந்துகொண்டார்.