அந்தோனியாரின் பின்பக்கம்

1. வந்து சேர்ந்தது

அந்தோனியார் எங்கள் களஞ்சியத்துக்கு ஆமி ட்ரக்கில், பழைய மெத்தை ஒன்றில் சுற்றப்பட்டு வந்தார். சண்டை ஓய்ந்து சில மாதங்கள்தான். மூன்றடி மரச்சிலை, வலது கையில் இரண்டு விரல் இல்லை. மன்னார்த் தீவுக்கு எதிரே பெருநிலக் கரையில், ஆட்கள் இல்லாத ஒரு கோயிலில் கிடந்ததாகக் கொண்டுவந்தவர்கள் சொன்னார்கள்.

மன்னார் ரவுணில், பழம்பொருட்கள் வைக்கும் ஒரு நூதனசாலையின் களஞ்சியம் அது. பொருட்களைப் பதிவதும் சுத்தம் செய்வதும் என் வேலை. ரெஜிஸ்ரரில் ‘உரிமையாளர்’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். ஊர்ச் சனம் முழுவதும் முகாமில் முள்ளுக்கம்பிக்குப் பின்னால் இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் எழுதினேன்.

2. துடைத்தது

மெழுகுதிரிப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் போக ஒரு கிழமை எடுத்தது. நேர்த்தியான வேலைக்காரன் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. முதுகுப் பக்கம் வெள்ளைப் பெயின்ற். அதன்மேல் நீலப் பேனையால் ஏதோ எழுதிக் கிடந்தது. துடைக்க முன்னர் நாலு புறமும் படம் எடுக்க வேண்டும் என்பது விதி. நான் முன்பக்கத்தை மட்டும் எடுத்தேன். சுவரோடு நிற்கப்போகும் சிலையின் முதுகை யார் பார்க்கப்போகிறார்கள்?

பஞ்சில் ஸ்பிரிற் நனைத்துத் துடைத்தேன். அரை மணித்தியாலம் பிடிக்கவில்லை. ரிப்போர்ட்டில் எழுதினேன்: ‘பின்புறம் அண்மைக்காலக் கிறுக்கல்கள். அகற்றப்பட்டன.’

3. கேட்டு வந்தவர்

மீள்குடியேற்றம் தொடங்கிய பிறகு அந்த ஊரிலிருந்து ரெஜினா அக்கா வந்தார். ஐம்பது வயதிருக்கும். காலை பஸ்சில் வந்து, கந்தோர் திறக்கும்வரை வாசலில், ரவுணில் அலையும் கழுதைகளோடு நின்றிருக்கிறார்.

எங்கள் பொறுப்பதிகாரி கதிரை கொடுத்து இருத்தினார். கெட்ட மனிதர் அல்லர், சட்டப் புத்தகத்தை விட்டு இறங்கமாட்டார்.

“கோயிலுக்குக் கூரையே இல்லையாம். சிலையைக் கொண்டுபோய் மழையிலை நனைக்கப்போறியளோ?”

“எங்கடை கொட்டிலுக்கும்தான் கூரையில்லை ஐயா, தறப்பாள்தான். அதுக்காகப் பிள்ளையளைக் கொண்டுவந்து உங்களிட்டையோ விடுறம்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அதிகாரிக்கு வரவில்லை.

“உங்கடை கோயில் சிலைதான் எண்டதுக்கு அத்தாட்சி ஏதும் இருக்கோ?”

“கோயில் புத்தகமெல்லாம் எரிஞ்சுபோச்சு. சிலையைத் திருப்பிப் பாருங்கோ, பின்னாலை பேர் இருக்கு. ஊரை விட்டு ஓடேக்கை தூக்க ஏலாமப் போச்சு. காணாமப் போறதைத் தேடித் தாறவர்தானே எண்டு, பொடியள் தங்கடை தங்கடை பேரைத் தாங்களே எழுதினவங்கள். என்ரை மகன் அமலனும் எழுதினவன். அவன் இன்னும் வரேல்லை.”

சிலையைத் தூக்கி வந்து திருப்பினோம். பால் போல வெள்ளை.

ரிப்போர்ட்டை நானே எடுத்து நீட்டினேன். “எழுத்து இருந்தது சேர். நான்தான் துடைச்சனான்.”

அதிகாரி அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “எழுத்து எண்டால் எல்லாச் சிலையிலையும்தான் கிறுக்கிறாங்கள். என்ன பேர் இருந்தது? ஒரு பேர் சொல்லும், மேலிடத்துக்கு எழுதிக் குடுத்து விடுவிக்கப் பாக்கிறன்.”

அமலன் என்று சொல்லியிருக்கலாம். அக்கா அப்போதுதான் சொன்ன பேர். ஆனால் அந்த நீலக் கோடுகளில் அமலன் இருந்தானா, வேறு யாராவது இருந்தார்களா, எனக்குத் தெரியாது.

“வாசிக்கேல்லை சேர்.”

அதோடு முடிந்தது. சிலை களஞ்சியத்திலேயே நின்றது. நான் ஓய்வு பெற்ற நாளிலும் அங்கேதான் நின்றது.

அக்கா வந்த அன்று பஸ் நிலையம்வரை அவரோடு நடந்தேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன், ஏசினால் எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். பஸ்சில் ஏறும்போதுதான் திரும்பிக் கேட்டார்.

“பதினொரு பிள்ளையள் எழுதினவங்கள் தம்பி. ஒருத்தன்ரை பேரையும் வாசிக்காமலோ துடைச்சனீங்கள்?”

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். பஞ்சை நனைக்க முன்னர் எழுத்துக்கூட்டியாவது வாசியுங்கள். வாசித்திருந்தால் எனக்குத் துடைக்கக் கை வந்திருக்காது.