‘பிறகு’ என்ற பொத்தான்

என் தங்கைக்கு அரங்கத்தில் எல்லோரும் வைத்த பெயர் பம்பரம். ஓரிடத்தில் நிற்க மாட்டாள். டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பால்கனி, கடைசி வரிசை, தூணுக்குப் பின்புறம் என்று சுற்றுவாள். எங்கே பேச்சு தெளிவில்லையோ அங்கேயே நின்று திரையில் விரலால் ஒரு தள்ளு. ஒலியைக் கலக்கும் மிக்ஸர் என்னவோ என் முன்னால்தான் இருக்கும். அதில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்கள் யாரும் தொடாமலே, பேய் பிடித்த மாதிரி, ஏறி இறங்கும். அதைச் சும்மா உட்கார்ந்து பார்ப்பதுதான் உன் வேலை என்றால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

பதினோரு வருடமாக இந்த அரங்கத்தின் ஒலி என் பொறுப்பு. அவள் வந்து மூன்றே வருடம். வந்த புதிதில் கேபிளை ஒழுங்காகச் சுற்றக்கூடத் தெரியாது, நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஏன், அந்த டேப்லெட்டே என்னுடையதுதான். கண்ணாடியில் கீறல் விழுந்து அலமாரியில் கிடந்ததை, “படிக்க வெச்சுக்கோ” என்று நானே கொடுத்தேன். அதில் மிக்ஸரின் ஆப்பைப் போட்டு என் அரங்கத்தையே கையில் எடுத்துக்கொள்வாள் என்று கண்டேனா?

வீட்டிலும் அதே பாட்டுதான். “சின்னவ எப்படி ஓடியாடி வேலை செய்றா பாரு. நீயும் கொஞ்சம் எழுந்து நடந்தா என்ன?” என்பாள் அம்மா. சாப்பாட்டைப் பாதியிலேயே விட்டு எழுந்துவிடுவேன். பொறாமைதான். வேறு நல்ல பெயர் வைத்து அழைக்க எனக்கு விருப்பமில்லை.

அந்த வாரம் மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். “பெரிய அரங்கத்துக்கு இனிமே ஒருத்தர்தான் பொறுப்பு. இன்னொருத்தர் கீழ கூட்ட அறையைப் பாத்துக்கணும். சனிக்கிழமை நிகழ்ச்சி முடிஞ்சதும் யாருன்னு சொல்றேன்.” கீழே இருப்பது இரண்டு மைக், ஒரு ப்ரொஜெக்டர். அங்கே போனால் என் கதை அதோடு முடிந்தது. பேசி முடிக்கும்வரை அவர் கண் தங்கை மேலேயே இருந்தது.

அந்த டேப்லெட்டின் பலவீனம் எனக்குத் தெரியும். ரொம்பப் பழசு. ஆப்பின் புதிய பதிப்பு அதில் ஏறாது. பழைய பதிப்போ, மிக்ஸரிலும் பழைய மென்பொருள் இருக்கும்வரைதான் வேலை செய்யும். மிக்ஸரைப் போடும்போதெல்லாம் திரையில் ஒரு கேள்வி வரும்: புதிய மென்பொருளை ஏற்றலாமா? கீழே ‘ஆம்’, ‘பிறகு’ என்று இரண்டு பொத்தான்கள். நான் எப்போதும் ‘பிறகு’தான். இருபது நிமிடம் யார் காத்துக்கிடப்பது?

வெள்ளிக்கிழமை மதியம் தங்கை மைக்குகளுக்கு பேட்டரி வாங்கப் போயிருந்தாள். அரங்கத்தில் நான் மட்டும். மிக்ஸரை அணைத்து மறுபடி போட்டேன். கேள்வி வந்தது. ‘ஆம்’ என்பதை அழுத்தினேன். அந்த இருபது நிமிடமும் பொறுமையாகவே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் நிகழ்ச்சிக்கு அரை மணி நேரம் இருந்தது. பாட்டுக்குழு மேடையில் நிற்க, தங்கை பால்கனியிலிருந்து விறுவிறுவென்று இறங்கி வந்தாள்.

“அக்கா, மிக்ஸரோட சேர மாட்டேங்குது. ஆப் பழசுன்னு சொல்லுது.”

அழுவாள் என்று காத்திருந்தேன். மேனேஜர் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ டேப்லெட்டை என் மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

“நீ உக்காரு. உன் கைக்குத் தெரியாததா? நான் சுத்தி வந்து சொல்றேன், நீ தள்ளு.”

பையிலிருந்து ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு ஓடினாள். கைக்குட்டை மேலே போனால் ஏற்ற வேண்டும், கீழே வந்தால் இறக்க வேண்டும். அவள் தொண்டையைத் தொட்டால் பாடகர், தோளைத் தட்டினால் தாளம். இரண்டு மணி நேரம் இருட்டில் அந்த வெள்ளைத் துணியைப் பார்த்தபடியே ஃபேடர்களைத் தள்ளினேன். இத்தனை வருடத்தில் அந்த அரங்கம் அவ்வளவு நன்றாக ஒலித்ததில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே எனக்கு அது கேட்டது.

முடிந்ததும் மேனேஜர் நேராக என்னிடம் வந்தார். “டேப்லெட் இல்லாமலே சமாளிச்சிட்டீங்களேம்மா. பெரிய அரங்கம் உங்க பொறுப்பு.” தங்கை பக்கத்தில்தான் நின்றாள், கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

இருவரும் தரையில் உட்கார்ந்து கேபிள் சுற்றினோம். அவள் டேப்லெட்டை என் பக்கம் நகர்த்தினாள். “உன்னோடதுதானே, நீயே வெச்சுக்கோ. கீழ எனக்கு இது எதுக்கு?”

நான் கேபிளைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

“யாரோ விவரம் தெரியாம ‘ஆம்’ அழுத்திட்டாங்க. மேனேஜராத்தான் இருக்கும்” என்றாள். “மூணு வருஷமா நீ தினமும் ‘பிறகு’ அழுத்துறத நான் பாத்திருக்கேன்க்கா. ஒரு நாள்கூட நீ அதச் சொல்லிக் காட்டினதில்ல. என் டேப்லெட்டுக்காகத்தானே?”

கேபிளின் நுனி என் கைக்கு வந்துவிட்டது. சுற்றுவதற்கு இனி ஒன்றுமில்லை.

“ஆமா” என்றேன்.