சாவடிச் சுவரில் பூத்த உப்பு

வாசகசாலையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, யார் கேட்டாலும் தருவதில்லை என்று ஒருநாள் நின்றேன். மேலே உள்ளவர்கள் சொல்லை நான் மீறியது அந்த ஒருமுறைதான். ஓவர்சியர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அதை எழுதுகிறேன். ஆம்பூருக்குப் பக்கத்து ஊர், பெயர் வேண்டாம்.

1. இரண்டு கட்சி

நவாப் காலத்துச் சுங்கச் சாவடி ஒன்று கடைத்தெருவில் இருந்தது. அதன் மேற்குச் சுவரோடு ஒட்டி யூனியன் போர்டு வாசகசாலை கட்டியிருந்தார்கள். இரண்டுக்கும் பொதுச் சுவர். வாசகசாலையில் இடம் போதவில்லை. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படித்தார்கள். சாவடியை இடித்து வாசகசாலையைப் பெரிதாக்க வேண்டும் என்றார் பிரசிடெண்ட். கூடாது என்றார் தோல் மண்டி கரீம் சாகிப். இந்த ஊருக்கென்று இருக்கிற பழைய கட்டடம் அது ஒன்றுதான், பழுது பார்த்து அதற்குள்ளேயே புத்தகங்களை வைக்கலாம் என்பது அவர் கட்சி.

என்னிடம் ரிப்போர்ட் கேட்டார்கள். ஏணி வைத்து ஏறினேன். உத்தரம் செல்லரித்திருந்தது, வளைவில் விரிசல், மேலே அரசஞ்செடி. சுவர் மட்டும் ஒரு முழத்துக்கு மேல் கனம், வருடா வருடம் வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது. சுவருக்குப் பயமில்லை என்று எழுதிக் கொடுத்தேன். மீட்டிங்குக்கு மீட்டிங் கூரையைப் பற்றியே சண்டை நடந்தது.

2. முதுகில் வெள்ளை

என் மகள் கமலா பள்ளிக்கூடம் விட்டதும் வாசகசாலைக்குப் போவாள். பெண்பிள்ளைகளுக்கு அந்தப் பொதுச் சுவரோரம் ஒரு பெஞ்சு உண்டு. வீட்டுக்கு வரும்போது அவள் ரவிக்கை முதுகு வெள்ளையாக இருக்கும். சுண்ணாம்பு என்று தினமும் தட்டிவிடுவேன். சித்திரை வெயிலில் ஒருநாள் அப்படித் தட்டிவிட்டு, அதே கையால் முகத்து வியர்வையைத் துடைத்தேன். உதட்டில் பட்டது. நெறுநெறுவென்று உப்பு. வியர்வைக்கு அவ்வளவு கரிப்பு கிடையாது.

எங்கே சாய்ந்து உட்காருகிறாய் என்று கேட்டேன்.

"சுவத்துலதான் நைனா. இந்த வெயிலுக்கு அது மட்டும் ஜில்லுனு இருக்கும். அந்த எடத்துக்கு எங்களுக்குள்ள சண்டையே நடக்கும்."

மழை இல்லாத மாதத்தில் சுவர் ஏன் ஜில்லென்று இருக்க வேண்டும்? அப்போதுதான் நினைவு வந்தது. சாகிப்பின் தாத்தா காலத்தில் சாவடி உப்புத்தோல் கிடங்காக இருந்தது. உப்பு போட்டு அடுக்கிய தோலிலிருந்து வடிந்த நீரெல்லாம் தரைக்குள் இறங்கியிருக்கும். அந்த உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு சுவரில் ஏறிக் காரையைத் தின்றிருக்கிறது. தின்ற இடத்தை நாங்கள் வருடா வருடம் வெள்ளையடித்து மூடியிருக்கிறோம்.

காலையில் போய்ச் சுவரின் அடியைக் குடைக்காம்பின் நுனியால் குத்தினேன். செங்கல் மாவாகக் கொட்டியது. பெஞ்சுக்கு நேர் பின்னால்.

3. சாவி

பிரசிடெண்டிடம் ஓடினேன். வாசகசாலையை மூடச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்தது. "மூடிட்டா, கூட்டம் தாங்கல, எடம் பத்தலன்னு நான் எப்பிடிய்யா பேசறது? தீர்மானம் ஆவட்டும், அப்பறம் பாக்கலாம்."

சாகிப் அதற்கு நேர்மாறான காரணம் சொன்னார். "நீ மூடினா சாவடி வுழப்போவுதுன்னு ஊரே பேசும். இத்தினி வருசம் நின்னது, ரெண்டு மாசம் நிக்காதா? பேஜார் பண்ணாதே."

இருவரும் கெட்டவர்கள் அல்ல. இரண்டு கட்சிக்குமே அந்தக் கதவு திறந்திருக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். சாயங்காலம் போனேன். பெஞ்சு நிறையப் பிள்ளைகள், எல்லோரும் சுவரில் சாய்ந்தபடி. நடுவில் கமலா. சத்தம் போடக்கூடப் பயமாக இருந்தது. மெதுவாக எழுப்பி ஒவ்வொருவராக வெளியே அனுப்பிவிட்டுப் பூட்டினேன்.

மறுநாள் இருவரும் சேர்ந்தே வந்தார்கள். "சாவிய குடுத்துட்டு வேலைய பாருய்யா, இல்லன்னா வேலையே இருக்காது" என்றார் பிரசிடெண்ட். சாவியைத் தரவில்லை. நானே கதவைத் திறந்து, சுவரடியைக் கைத்தடியால் அழுத்திப் பார்க்கும்படி சாகிப்பைக் கேட்டுக்கொண்டேன். வேண்டாவெறுப்பாக அழுத்தினார். தடி பாதிவரை உள்ளே போயிற்று.

அவர் உதிர்ந்த பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார்.

"இது எங்க தாத்தா போட்ட உப்பு" என்றார். "இடிச்சிடுங்க. மொதல்ல அந்தப் பெஞ்ச தூக்கி வெளிய போடுங்க."

4. கூரை இறங்கிய நாள்

புத்தகங்களை எடுத்தோம். பெஞ்சு கனம், பிறகு எடுக்கலாம் என்று ஆட்கள் விட்டுவிட்டார்கள். சாவடிக் கூரையை இறக்கி முடித்து, அவர்கள் புளியமரத்தடியில் கூழ் குடித்துக்கொண்டிருந்தபோது, யாரும் கடப்பாரை வைக்காத அந்தச் சுவர் தானாகவே வாசகசாலைப் பக்கம் சாய்ந்தது. பெஞ்சு சிலாம்பு சிலாம்பாகக் கிடந்தது. அந்தத் தூசி அடங்கும்வரை, கமலா பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

புதிய வாசகசாலை எழும்பி நன்றாக நடக்கிறது. இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். பழைய கட்டடத்தில் கூரைக்கு முன்னால் சுவரின் அடியைப் பாருங்கள். உள்ளே முன்பு என்ன வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள். இடிப்பதா வைப்பதா என்று பெரியவர்கள் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் பேசட்டும். பிள்ளைகளை அதுவரை வெளியே உட்கார வையுங்கள்.

கமலா இப்போது வேலூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்து ரயிலைவிட்டு இறங்கியதும், அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் முதுகைத் திருப்பிப் பார்க்கிறேன். அவள் சிரிக்கிறாள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.